‘லாம்’ எங்கே தொலைந்தது? அறிவியல் செய்தி அறிக்கையின் நூறாண்டுக் கதை



கீழே உள்ள இரண்டு வாக்கியங்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

பச்சைத் தேநீர் இதய நோயைத் தடுக்கலாம்.
பச்சைத் தேநீர் இதய நோயைத் தடுக்கும்.

இலக்கணம் நடத்தும் நமக்கு வித்தியாசம் உடனே தெரியும். முதல் வாக்கியம் ஒரு வாய்ப்பைச் சொல்கிறது, இரண்டாவது உறுதி கொடுக்கிறது. ‘லாம்’ போய் ‘உம்’ வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் புலனக் குழுவில் இரண்டாவது வாக்கியத்தைப் படித்த ஒரு பாட்டி, மருத்துவர் கொடுத்த மாத்திரையை ஓரமாக வைத்துவிட்டுத் தேநீர் போட அடுப்படிக்குப் போய்விட்டார் என்றால், அந்த விகுதி மாற்றம் சின்ன விஷயமா?

இப்படி நடக்கும்போதெல்லாம் நாம் பத்திரிகைக்காரரைத்தான் திட்டுவோம். “இவங்களே கதை கட்டி விடுறாங்க” என்போம். அந்தப் பழியில் எவ்வளவு நியாயம் இருக்கிறது? ஆய்வுக்கூடத்துக்கும் செய்தி அறைக்கும் நடுவில் இன்னொரு மேசை இருக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவர் அறிவியல் ஊடகத் தொடர்பு அதிகாரி. பல்கலைக்கழகம், ஆய்விதழ், விண்வெளி அமைப்பு, மருத்துவமனை என்று பெரிய ஆய்வு நடக்கும் இடங்களில் இவரைப் போன்ற ஒருவர் இருப்பார். இவர் பெயர் செய்தியில் பெரும்பாலும் வராது. ஆனால் நாம் படிக்கும் அறிவியல் செய்திகளில் பலவற்றுக்கு முதல் வரைவு இவர் எழுதியது. அந்த வேலை எப்படிப் பிறந்தது, எங்கே சறுக்கியது, எங்கே நிமிர்ந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம். கருத்துணர்தலுக்குப் பகுதி தேடும் நமக்கு இது நேரடியாகத் தேவைப்படும் வரலாறு.

அந்த மேசையில் என்ன நடக்கிறது?

ஒரு விஞ்ஞானியின் கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொள்கிறது. அது வெளியாகும் முன்பே அவர் தம் பல்கலைக்கழக ஊடகப் பிரிவுக்குத் தகவல் சொல்கிறார். அதிகாரி கட்டுரையைப் படித்து, விஞ்ஞானியிடம் பேசுகிறார். ‘இதில் புதுசு என்ன? யாருக்குப் பயன்? எலியில் செய்ததா, மனிதரிலா?’ என்று கேள்வி கேட்கிறார். பிறகு ஒன்றிரண்டு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதுகிறார். அதற்கு ஒரு தலைப்பு, முதல் பத்தியில் சாரம், நடுவில் விஞ்ஞானி சொன்னதாக இரண்டு மேற்கோள், கடைசியில் தொடர்பு எண். விஞ்ஞானி பார்த்துச் சரி சொன்ன பிறகு, பதிவு பெற்ற செய்தியாளர்களுக்கு அது முன்கூட்டியே போகும். ‘இந்தத் தேதி, இந்த மணிக்கு முன்னால் வெளியிடக் கூடாது’ என்ற நிபந்தனை கூடவே இருக்கும். இதற்கு ‘எம்பார்கோ’ என்று பெயர். வெளியீட்டுத் தடை நேரம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

செய்தியாளரின் நிலைமையையும் யோசியுங்கள். ஒரே நாளில் மூன்று நான்கு செய்தி எழுத வேண்டும். முப்பது பக்க ஆய்வுக் கட்டுரை ஒரு பக்கம், தெளிவான ஒன்றரைப் பக்க அறிக்கை மறுபக்கம். எதை நம்பி எழுதுவார்? ஆக, ஆய்வு முதன்முதலில் மறுகூறல் ஆகும் இடம் செய்தி அறை இல்லை, இந்த அதிகாரியின் மேசைதான்.

கதவைத் தட்டியவர்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஞ்ஞானிகளில் பலர் பத்திரிகையைக் கண்டாலே ஒதுங்கினார்கள். பத்திரிகைகளும் அறிவியல் என்றால் அதிசயம், விநோதம் என்றே எழுதின. முதல் உலகப் போர் இந்த நிலையை மாற்றியது. வெடிமருந்து, நச்சுவாயு, மருந்து, சாயம் என்று வேதியியலின் கை எங்கும் தெரிந்தது. அமெரிக்க வேதியியல் கழகம் 1919இல் தனக்கென ஒரு செய்திப் பிரிவைத் தொடங்கியது. ‘யாராவது வந்து கேட்டால் சொல்வோம்’ என்று இருந்த அறிஞர் சங்கம், ‘நாமே போய்ச் சொல்வோம்’ என்று மாறியது.

1921இல் வாஷிங்டனில் சயன்ஸ் சர்வீஸ் என்ற அமைப்பு பிறந்தது. பணம் போட்டவர் இ. டபிள்யூ. ஸ்கிரிப்ஸ் என்ற பத்திரிகை முதலாளி. துணை நின்றவர் விலங்கியலாளர் வில்லியம் ரிட்டர். ஆசிரியராக வந்தவர் எட்வின் ஸ்லாசன் என்ற வேதியியலாளர். இது ஒரு பல்கலைக்கழகத்தின் ஊடகப் பிரிவு அன்று. அறிவியல் செய்தியை நாளிதழ்களுக்கு எழுதி அனுப்பும் நிறுவனம். 1922இல் அவர்கள் தொடங்கிய வார மடல்தான் இன்று ‘சயன்ஸ் நியூஸ்’ என்ற இதழாக வந்துகொண்டிருக்கிறது. அறிவியலைச் சரியாகவும் எளிமையாகவும் எழுதி அனுப்பினால் பத்திரிகைகள் வாங்கிப் போடும் என்பதை இது காட்டியது.

வாங்கும் பக்கத்திலும் ஆள் உருவானார்கள். 1934இல் அமெரிக்காவில் தேசிய அறிவியல் எழுத்தாளர் சங்கம் அமைந்தது. 1936இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முந்நூறாம் ஆண்டு விழாவில் நடந்த அறிவியல் அமர்வுகளைப் பற்றி எழுதியதற்காக, 1937இல் ஐந்து செய்தியாளர்கள் புலிட்சர் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த ஐவரில் ஒருவர் கோபிந்த் பிஹாரி லால் என்ற இந்தியர். அறிவியல் செய்தி ஒரு தனித்தொழில் என்று ஏற்கப்பட்ட காலம் அது.

ராமன் பத்திரிகைக்குச் சொன்ன நாள்

இங்கே நம்மவர் கதை ஒன்றும் இருக்கிறது. சர் சி. வி. ராமனைப் பற்றிப் பாடநூலில் படித்திருப்போம். 1928 பிப்ரவரி 28ஆம் தேதி கல்கத்தாவில், கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு செய்துவந்த ஆய்வில் ராமன் விளைவு உறுதியானது. பலரும் கவனிக்காத ஒன்று என்னவென்றால், அடுத்த நாளே இந்தியாவின் அசோசியேட்டட் பிரஸ் அந்தச் செய்தியை வெளியிட்டது. மார்ச் 1ஆம் தேதி ஸ்டேட்ஸ்மேன் நாளிதழிலும் வந்தது. புதுவகைச் சிதறல் பற்றி அவர்கள் அனுப்பியிருந்த குறிப்பு ‘நேச்சர்’ ஆய்விதழில் அச்சானது மார்ச் 31ஆம் தேதிதான். அதாவது, பத்திரிகை முந்திக்கொண்டது!

அதே மாதத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஷ்டாம் இருவரும் படிகங்களில் இதே விளைவைக் கண்டிருந்தார்கள். அறிவியலில் யார் முதலில் சொன்னார் என்பது பெரிய விஷயம்.

ஆனால் ராமன் பத்திரிகையோடு நின்றுவிடவில்லை. மார்ச் 16ஆம் தேதி பெங்களூரில் தென்னிந்திய அறிவியல் சங்கத்தில் முழு விவரத்தோடு உரையாற்றினார். அது அச்சாகி வெளிநாட்டு ஆய்வாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. என்ன கருவி, என்ன ஒளி, எப்படிப் பார்த்தோம் என்று எல்லாமே திறந்து கிடந்ததால், அமெரிக்காவில் ஆர். டபிள்யூ. வுட் போன்றவர்கள் அதே ஆண்டிலேயே செய்து பார்த்து ‘உண்மைதான்’ என்றார்கள். 1930இல் நோபல் பரிசு வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இதே அவசரத்தை வேறோர் ஊரில் பார்க்கப்போகிறோம்.

பூட்டும் சாவியும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆய்வுக்கு அரசுப் பணம் கொட்டியது. மக்கள் பணம் என்பதால் மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஊடகப் பிரிவுகள் பெருகின. இதற்கிடையே ஆய்விதழ்களுக்கு ஒரு கவலை. சக ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன்பே முடிவுகள் பத்திரிகையில் வந்துவிட்டால் என்ன செய்வது?

‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழின் ஆசிரியர் ஃபிரான்ஸ் இங்கெல்ஃபிங்கர் 1969இல் ஒரு விதி வைத்தார். ஒரு கண்டுபிடிப்பின் சாரம் வேறு எங்காவது முன்பே வெளிவந்திருந்தால் தம் இதழில் அந்தக் கட்டுரைக்கு இடமில்லை என்றார். மற்ற இதழ்களும் இதைப் பின்பற்றின. இந்த விதி விஞ்ஞானியின் வாயைப் பூட்டியது, எம்பார்கோ செய்தியாளரின் பேனாவைப் பூட்டியது. இரண்டுக்கும் சாவி ஆய்விதழின் கையில்.

இதில் நன்மை உண்டு. செய்தியாளருக்குப் படிக்கவும், வேறு நிபுணரைக் கேட்கவும் சில நாள் அவகாசம் கிடைக்கிறது. குறையும் உண்டு. எல்லாரும் ஒரே நாளில் ஒரே அறிக்கையை வைத்து ஒரே மாதிரி எழுதுகிறார்கள். மீறினால் தண்டனை. 1988 ஜனவரியில் மாரடைப்பைத் தடுப்பதில் ஆஸ்பிரினின் பங்கு பற்றிய ஆய்வை ராய்ட்டர்ஸ் நிறுவனம் தடை நேரத்துக்கு முன்பே வெளியிட்டது. அந்த ஆய்விதழ் அதற்கு முன்பிரதி அனுப்புவதைச் சில காலம் நிறுத்தியது.

யூட்டாவில் ஒரு மேடை

1989 மார்ச் 23. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி. யூட்டா பல்கலைக்கழகம் செய்தியாளர்களைக் கூட்டியது. ஸ்டான்லி பான்ஸ், மார்ட்டின் ஃபிளைஷ்மேன் என்ற இரண்டு வேதியியலாளர்கள், மேசைமேல் வைக்கும் கண்ணாடிக் குடுவையில், கனநீரில் பல்லேடியம் தண்டை வைத்து மின்சாரம் பாய்ச்சி, அறை வெப்பத்திலேயே அணுக்கரு இணைவை உண்டாக்கிவிட்டதாக அறிவித்தார்கள். சூரியனுக்குள் நடக்கும் வினை ஒரு குடுவைக்குள்! எரிபொருள் கவலை தீர்ந்தது என்று உலகமே துள்ளியது.

பின்னால் நடந்தது இதுதான். பக்கத்தில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஜோன்ஸ் என்பவர் இதையொட்டிய ஆய்வில் இருந்தார். காப்புரிமையும் முதலிடமும் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பதற்றம் யூட்டாவுக்கு. ஆய்வுக் கட்டுரை இன்னும் அச்சாகவில்லை. அதற்குள் பத்திரிகை அறிக்கை தயாரானது. எளிய சோதனை, நீடித்த இணைவு, அறை வெப்பம், முதன்முறையாக என்று உறுதியான சொற்களே அதில் நிறைந்திருந்தன. நம் ‘லாம்’ அங்கே கிடையாது.

மற்ற ஆய்வுக்கூடங்கள் செய்து பார்க்க முயன்றன. விவரம் இல்லை. தொலைநகலில் வந்த மங்கலான பிரதிகளையும் தொலைக்காட்சியில் தெரிந்த குடுவையின் படத்தையும் வைத்து அளவு கணக்குப் போட்டார்கள் என்றால் பாருங்களேன்! யூட்டா மாநிலம் 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. மே மாதத் தொடக்கத்தில் பால்டிமோரில் கூடிய அமெரிக்க இயற்பியல் கழகக் கூட்டத்தில் அந்தக் கோரிக்கை துண்டு துண்டாக உடைந்தது. நவம்பரில் அமெரிக்க எரிசக்தித் துறையின் குழுவும், கேட்ட அளவுக்குச் சான்று இல்லை என்றது. மாநிலப் பணத்தில் தொடங்கிய ஆய்வு நிலையம் 1991இல் மூடப்பட்டது.

ராமனும் முதலில் பத்திரிகைக்குத்தான் சொன்னார், இவர்களும் அப்படித்தான். பிறகு ஏன் ஒருவர் கதை நோபலிலும் இன்னொருவர் கதை தலைகுனிவிலும் முடிந்தது? முக்கியக் காரணம், ராமன் கண்டது உண்மையாகவே இருந்தது. அதோடு, பிறர் சோதிக்கத் தேவையான விவரம் செய்தியின் பின்னாலேயே வந்து சேர்ந்தது. யூட்டாவில் அறிவிப்பு வந்தது, விவரம் வரவில்லை.

மறுப்பவரையும் மேடையில் உட்காரவைத்தல்

ஏழு ஆண்டு கழித்து இன்னொரு பெரிய மேடை. 1984இல் அண்டார்க்டிகாவில் கிடைத்த செவ்வாய்க் கிரகக் கல் ஒன்றில் பழங்கால நுண்ணுயிரின் தடயம் இருக்கலாம் என்று நாசா ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை 1996 ஆகஸ்டு 16ஆம் தேதி வரவேண்டும். செய்தி முன்பே கசிந்துவிட்டது. ஆகஸ்டு 7ஆம் தேதி நாசா அவசரமாகச் செய்தியாளர் சந்திப்பை நடத்தியது. அதிபர் கிளிண்டனே அதைப் பற்றிப் பேசினார்.

பரபரப்புக்குக் குறைவில்லை. ஆனாலும் நாசா ஒரு நல்ல காரியம் செய்தது. பழங்கால நுண்ணுயிர்ப் புதைபடிவங்களில் பெயர் பெற்ற வில்லியம் ஷோப்ஃப் என்ற பேராசிரியரை அதே மேடைக்கு அழைத்தது. ‘இந்தச் சான்று போதாது’ என்று சொல்லத்தான் அவரை அழைத்தார்கள். அவரும் அப்படியே சொன்னார். வியப்பும் ஐயமும் ஒரே நாளில், ஒரே அரங்கில் செய்தியாளர் காதில் விழுந்தன. பின்னாளில் பெரும்பாலான விஞ்ஞானிகள் உயிரற்ற வேதி வினைகளே அந்தத் தடயங்களுக்குக் காரணம் என்ற பக்கம் சாய்ந்தார்கள்.

அதே 1996இல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் ‘யுரேகாஅலர்ட்’ என்ற இணையத்தளத்தைத் தொடங்கியது. பல நாட்டு ஆய்வு நிறுவனங்களின் அறிக்கைகள் ஒரே இடத்தில் குவிந்தன. முன்பு செய்தியாளர் மட்டுமே பார்த்த அறிக்கையை, தடை நேரம் முடிந்ததும் எவரும் படிக்கலாம் என்ற நிலை வந்தது.

பிள்ளைகள் விலை கொடுத்த கதை

இதுவரை பார்த்தவற்றில் போனது பணமும் மானமும். இனி வருவது உயிர்.

1998 பிப்ரவரி 26. லண்டனில் ராயல் ஃபிரீ மருத்துவமனை ஒரு செய்தியாளர் சந்திப்பை நடத்தியது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ஜெர்மன் தட்டம்மை மூன்றுக்கும் சேர்த்துப் போடும் முத்தடுப்பூசி பற்றிய சந்திப்பு அது. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கும் போடப்படும் தடுப்பூசிதான். ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு குழுவினரின் கட்டுரை ‘லான்செட்’ இதழில் வந்தது. ஆராய்ந்தது 12 பிள்ளைகளை மட்டுமே. தடுப்பூசிக்கும் அந்த நிலைக்கும் தொடர்பு இருப்பதாக நாங்கள் நிறுவவில்லை என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருந்தது.

ஆனால் மேடையில் வேக்ஃபீல்டு, மூன்றையும் சேர்த்துப் போடுவதை நிறுத்தித் தனித்தனியாகப் போடலாம் என்றார். பக்கத்தில் இருந்தவர்களில் அதற்கு உடன்படாதவர்களும் இருந்தார்கள். தொலைக்காட்சிகளுக்கென்று காணொளியும் தயாராக இருந்தது. பெற்றோர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது கட்டுரையின் ‘நிறுவவில்லை’ அன்று. ‘தடுப்பூசியால் ஆட்டிசம்’ என்ற பயம்தான்.

இங்கிலாந்தில் 2003–04இல் தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் அளவு 80 விழுக்காட்டுக்குக் குறைந்தது. தட்டம்மை திரும்பி வந்தது. 2006இல் ஒரு சிறுவன் இறந்தான். பிரிட்டனில் 14 ஆண்டுகளில் தட்டம்மைக்குப் பலியான முதல் உயிர். ஆய்வில் நேர்மைக் கேடுகள் இருந்தது பின்னர் வெளிவந்தது. 2010 பிப்ரவரியில் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் வேக்ஃபீல்டு மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். பயம் மட்டும் இன்னும் நீங்கவில்லை. இன்றும் நம் பெற்றோர் சிலர் அதைக் கேட்கத்தானே செய்கிறார்கள்?

குற்றம் முதலில் அந்த ஆய்வின் மேல். சந்தேகமே இல்லை. ஆனாலும் 12 பிள்ளைகளைப் பார்த்த, எதையும் நிறுவாத ஓர் ஆய்வுக்கு அவ்வளவு பெரிய மேடை எதற்கு என்று அன்றைக்கே யாராவது கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்கும் இடத்தில் இருப்பவர்தான் ஊடகத் தொடர்பு அதிகாரி. நல்ல அதிகாரி அறிக்கையை எழுதத் தெரிந்தவர் மட்டும் அல்லர், ‘இதற்கு மேடை வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்தவரும்கூட.

இந்தச் சர்ச்சையும் மரபணு மாற்றுப் பயிர் பற்றிய சண்டையும் நடந்த பின்னணியில், 2002இல் லண்டனில் சயன்ஸ் மீடியா சென்டர் தொடங்கியது. தலைமை ஏற்றவர் ஃபியோனா ஃபாக்ஸ். ஒரு பரபரப்பான ஆய்வு வரும்போது, அதில் சம்பந்தப்படாத நிபுணர்களின் கருத்தைத் திரட்டிச் செய்தியாளருக்கு உடனே கொடுப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. செவ்வாய்க் கல்லுக்கு நாசா ஒருநாள் செய்ததை இவர்கள் அன்றாட வேலையாக ஆக்கினார்கள்.

இரண்டு அறிவிப்பு, இரண்டு பாடம்

2010 நவம்பர் 29ஆம் தேதி நாசா ஒரு முன்னறிவிப்பு விட்டது. வேற்றுலக உயிர்களைத் தேடும் முயற்சியைப் பாதிக்கும் கண்டுபிடிப்பு பற்றிச் சொல்லப்போகிறோம் என்பது அதன் சாரம். இணையம் முழுக்க ‘வேற்றுக்கிரகவாசி கிடைச்சாச்சு’ என்ற பேச்சு. டிசம்பர் 2ஆம் தேதி விஷயம் தெரிந்தது. கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் எடுத்த ஒரு பாக்டீரியா, பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்சனிக்கை வைத்து வாழ்கிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. 2012இல் வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். 2025இல் ‘சயன்ஸ்’ இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, எழுதியவர்கள் உடன்படாதபோதும்.

2011 செப்டம்பர் 23ஆம் தேதி ஐரோப்பாவின் செர்ன் வேறு வழியில் போனது. செர்னிலிருந்து 730 கிலோமீட்டர் தூரத்தில் இத்தாலியில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்குச் சென்ற நியூட்ரினோக்கள், ஒளியைவிட 60 நானோவினாடி முன்னால் போய்ச் சேர்ந்ததாக ஓப்பரா குழு கண்டது. ஐன்ஸ்டைனையே அசைக்கும் செய்தி. ஆனால் செர்னின் அறிக்கை வெற்றி முழக்கம் போடவில்லை. ‘விசித்திரமான முடிவு கிடைத்திருக்கிறது, பிழை எங்கே என்று தேடினோம், கிடைக்கவில்லை, மற்றவர்களும் அளந்து பாருங்கள்’ என்கிற தொனியில் இருந்தது. தலைப்புச் செய்திகள் அப்போதும் பறந்தன, உண்மைதான். சில மாதத்தில், சரியாக இணைக்கப்படாத ஓர் ஒளியிழைக் கம்பிதான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. செர்ன் அதே அறிக்கையின் மேலேயே 2012இல் புதிய தகவலைச் சேர்த்து வெளியிட்டது. அறிக்கை முதலிலேயே கவனமாக இருந்ததால், திருத்துவதற்கு அவர்கள் கூச்சப்பட வேண்டியிருக்கவில்லை.

யார் கூட்டினார்கள்? கணக்குப் பார்த்தவர்கள்

இப்போது நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். ‘லாம்’ தொலைவது செய்தி அறையிலா, ஊடக அதிகாரியின் மேசையிலா?

கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் பெட்ராக் சம்னர், கிறிஸ் சேம்பர்ஸ் குழுவினர் இதை எண்ணிப் பார்த்தார்கள். பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011இல் வெளியிட்ட உடல்நலம் தொடர்பான 462 அறிக்கைகளை எடுத்தார்கள். அவற்றின் மூல ஆய்வுக் கட்டுரைகளையும், அவற்றிலிருந்து பிறந்த 668 செய்திகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். முடிவு 2014 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது.

ஆய்வு சொன்னதைவிட மிகையான அறிவுரை 40 விழுக்காட்டு அறிக்கைகளில் இருந்தது. வெறும் தொடர்பைக் காரணமாக ஆக்கியவை 33 விழுக்காடு. விலங்கில் கண்டதை மனிதருக்கு ஏற்றிச் சொன்னவை 36 விழுக்காடு. அறிக்கையில் மிகை இருந்தபோது, செய்தியிலும் அதே மிகை முறையே 58, 81, 86 விழுக்காடு வந்தது. அறிக்கையில் மிகை இல்லாதபோது அது 17, 18, 10 விழுக்காடுதான்.

அதாவது, பத்திரிகைக்காரர் தலையில் நாம் போட்ட பழியில் பெரும்பங்கு பல்கலைக்கழகத்தின் வாசலிலேயே நிற்கிறது. அறிக்கையை விஞ்ஞானியும் பார்த்து ஒப்புதல் தருகிறார் என்பதை மறந்துவிடாதீர்கள். அதிகாரி மட்டும் குற்றவாளி அல்லர்.

இன்னொரு முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. மிகைப்படுத்திய அறிக்கைக்குப் பத்திரிகையில் அதிக இடம் கிடைத்ததா என்றும் பார்த்தார்கள். அப்படிக் கிடைத்ததற்குப் பெரிதாகச் சான்று இல்லை! ஊதிப் பெருக்கினால்தான் செய்தி போகும் என்ற நம்பிக்கையே ஆட்டம் கண்டது.

இந்த ஆய்வும் ஒரு தொடர்பைத்தான் காட்டியது, காரணத்தை நிறுவவில்லை. ஆகவே இங்கும் நாம் ‘லாம்’ போட்டுத்தான் பேச வேண்டும். அது அவர்களுக்கும் தெரியும். அதனால் அடுத்த கட்டமாக, ஒன்பது ஊடகப் பிரிவுகளின் ஒத்துழைப்போடு அறிக்கைகளின் சொற்களையே மாற்றி அனுப்பிச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். கவனமான சொற்களைப் போட்டதால் செய்தி வரும் வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை.

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை?

நிறைய இருக்கிறது. தமிழில் நாம் படிக்கும் அறிவியல் செய்தி பெரும்பாலும் இன்னும் ஒரு படி தாண்டி வருகிறது. ஆய்வு, அறிக்கை, ஆங்கிலச் செய்தி, அதன் பிறகு தமிழாக்கம். ஒவ்வொரு படியிலும் ஒரு சொல் நழுவலாம். அந்தச் சொல்லைப் பிடித்து நிறுத்தும் கருவி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது.

மூன்றாம் வேற்றுமையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆல்’ உருபு கருவி, கருத்தாப் பொருளில் வரும். ‘ஒடு, ஓடு’ உருபுகள் உடனிகழ்ச்சிப் பொருளில் வரும். “தூக்கமின்மையால் எடை கூடுகிறது” என்பதும் “தூக்கமின்மையோடு எடையும் கூடுகிறது” என்பதும் ஒன்றா? கார்டிஃப் ஆய்வாளர்கள் தேடிய இரண்டாவது வகை மிகை இதுதாங்க. ‘ஓடு’ இருந்த இடத்தில் ‘ஆல்’ வந்துவிடுகிறது. உடனிகழ்ச்சி என்ற நம் பழைய இலக்கணச் சொல், புள்ளியியலார் சொல்லும் கருத்துக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள்!

‘லாம்’ விகுதியிலும் ஒரு சிக்கல் உண்டு. அது வாய்ப்பையும் சொல்லும், அனுமதியையும் சொல்லும். “இம்மருந்து பயன் தரலாம்” என்பது வாய்ப்பு. “நீரிழிவு நோயாளிகள் இதை உண்ணலாம்” என்பது அனுமதி, அறிவுரை. முதலாவது எழுத வேண்டிய இடத்தில் இரண்டாவதை எழுதினால், கார்டிஃப் குழு சொன்ன முதல் வகை மிகை தமிழிலேயே பிறந்துவிடுகிறது. வாய்ப்பு மட்டும்தான் என்றால் ‘கூடும்’ என்று எழுதினால் குழப்பம் இல்லை.

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களோடு ஒரு பாட வேளையில் இதைச் செய்து பார்க்கலாம். ஏதேனும் ஓர் அறிவியல் செய்தியைத் தேர்ந்தெடுங்கள். அதன் மூல அறிக்கை யுரேகாஅலர்ட்டிலோ பல்கலைக்கழகத்தின் தளத்திலோ பெரும்பாலும் கிடைக்கும். இரண்டையும் குழுவாகப் படிக்கச் சொல்லுங்கள். வினைமுற்றுகளையும் வேற்றுமை உருபுகளையும் வண்ணமிடச் சொல்லுங்கள். பிறகு நான்கு கேள்விகள் போதும். ஆய்வு யாரிடம் அல்லது எதனிடம் நடந்தது? எத்தனை பேர்? ஆய்வில் சேராத ஒருவரின் கருத்து செய்தியில் இருக்கிறதா? எந்த இடத்தில் ‘கூடும்’ மறைந்து ‘உம்’ வந்தது?

அடுத்த படி, மாணவரையே ஊடகத் தொடர்பு அதிகாரியாக ஆக்குவது. பள்ளி அறிவியல் கண்காட்சியில் நண்பர் செய்த ஒரு செயல்திட்டத்தைப் பற்றி 120 சொல்லில் பத்திரிகை அறிக்கை எழுதச் சொல்லுங்கள். ஒரு நிபந்தனை: செய்தி சுவையாக இருக்க வேண்டும், செய்தவர் படித்துவிட்டு ‘நான் இப்படிச் சொல்லலையே’ என்று சொல்லக் கூடாது. எழுதிப் பார்த்தால்தான் தெரியும், அது எவ்வளவு கடினமான தமிழ் என்று. சுவையை விடாமல் அளவையும் மீறாமல் எழுதுவதற்குத்தான் இந்த நூறாண்டில் பலர் மேசையில் உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள்.

நம் மாணவர் எல்லாரும் விஞ்ஞானி ஆகப்போவதில்லை, செய்தியாளரும் ஆகப்போவதில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஒருநாள் பெற்றோர் ஆவார்கள். கையில் குழந்தையோடு மருத்துவ நிலையத்தின் வரிசையில் நிற்கும்போது கைப்பேசியில் ஒரு செய்தி வரும். அப்போது அவர்கள் அந்த வாக்கியத்தின் வினைமுற்றை ஒரு கணம் நின்று பார்ப்பார்களானால், நாம் நடத்திய இலக்கணம் வீண்போகவில்லை.